ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் வருமான வரியில் எந்தச் செலவைக் கழிக்கலாம்?

குன்னூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 சதுர அடி. கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடும்பம் இருக்கிறது. மாடியில் குளியலறையோடு இரண்டு அறைகள், சேர்த்து 600 சதுர அடி. அவற்றை வெளியூர்க்காரர்களுக்கு நாள் கணக்கில் விடுகிறார்கள். காலையில் இட்லியோ தோசையோ உண்டு. தினமும் அறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள், ஆள் மாறினால் விரிப்பும் மாறும். முன்பதிவெல்லாம் ஏர்பிஎன்பி மாதிரியான தளங்கள் வழியாக. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை விருந்தினர்கள் அறைக்காகக் கொடுத்த பணம் 6,00,000 ரூபாய்.

இந்த வீட்டிலிருந்து வரிக்கு உட்படும் வருமானம் எவ்வளவு? 36,000 ரூபாய் என்று வரலாம். 1,67,200 என்றும் வரலாம். 3,64,320 என்றும் வரலாம். செலவுகளில் ஒரு பைசா மாறவில்லை. மாறுவது, இந்த வருமானத்தை எந்தத் தலைப்பில், எந்த முறையில் காட்டுகிறோம் என்பது மட்டும்தான். ஹோம்ஸ்டே நடத்த ஆரம்பித்த பலர் முதலில் கேட்பது "கரண்ட் பில்லைக் கழிக்கலாமா, வைஃபையைக் கழிக்கலாமா" என்றுதான். தலைப்பைத் தீர்மானிக்காமல் இதற்குப் பதில் கிடையாது.

(இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு அதுதான் சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். அதில் எண்கள் வேறு.)

வீட்டு வாடகையா, வியாபாரமா?

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் அது "வீட்டுச் சொத்து வருமானம்". இங்கே கழிவுகள் மூன்றே மூன்று. அந்த ஆண்டில் நீங்கள் உண்மையாகவே கட்டிய சொத்து வரி. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகையில் 30 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி. இந்த 30 சதவீதத்துக்கு பில் எதுவும் வேண்டாம். பராமரிப்பு, பெயின்ட், வாட்ச்மேன் சம்பளம், காப்பீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசு ஒட்டுமொத்தமாகக் கொடுத்துவிடுவது அது. நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் 30 சதவீதம் உண்டு; 60 சதவீதம் செலவழித்திருந்தாலும் அதே 30-தான். கரண்ட் பில், தளத்தின் கமிஷன், சலவைக் கூலி எதையும் தனியாகக் கேட்க முடியாது.

வியாபார வருமானம் என்றால் கதை தலைகீழ். ஒட்டுமொத்தக் கழிவு எதுவும் இல்லை. தொழிலுக்காகவே செய்த ஒவ்வொரு செலவையும் கணக்கு காட்டிக் கழித்துக்கொள்ளலாம், கட்டடத்தின் தேய்மானம் (பயன்பாட்டில் ஆண்டுதோறும் குறையும் மதிப்பு) உட்பட.

"எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாமா?" என்றால், முடியாது. 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பின் வந்த நிதிச் சட்டம், வியாபார வருமானத்தைப் பற்றிய 28-ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது: குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டு வரும் வருமானம் வியாபார வருமானம் ஆகாது, வீட்டுச் சொத்து வருமானம்தான். 2024-25 நிதியாண்டு முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு மாத வாடகையையே வியாபாரமாகக் காட்டி, தேய்மானமும் மராமத்தும் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வைத்த பூட்டு இது.

இந்தப் பூட்டு ஹோம்ஸ்டேக்கும் விழுமா என்பதுதான் கேள்வி. விளக்கத்தில் உள்ள சொல் "வாடகைக்கு விடுவது". மேலே சொன்ன குன்னூர் வீட்டில் வந்து தங்குபவர் வாடகைக்குக் குடிவந்தவர் அல்ல. சாவி உரிமையாளரிடமும் இருக்கிறது, அறைக்குள் தினமும் ஆள் போய் வருகிறார், உணவு கொடுக்கிறார்கள், காலை பதினொரு மணிக்குக் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும். அது லாட்ஜ் நடத்துவதற்கு நெருக்கமான சேவை. வியாபாரம் என்று வாதிட நல்ல அடிப்படை இருக்கிறது. மறுமுனையில், கொடைக்கானலில் ஒரு வில்லாவை ஒரே கம்பெனிக்கு மூன்று மாதத்துக்கு விட்டுவிட்டு, சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருப்பவருக்கு அந்த வாதம் நிற்காது. அது வாடகை. நடுவில் இருப்பவர்கள்தான் சிக்கலில் இருக்கிறார்கள்: கதவில் நம்பர் பூட்டு, தானே உள்ளே போய்த் தானே வெளியே வரும் விருந்தினர், சேவை என்றால் துவைத்த விரிப்பு மட்டும். இப்படிப்பட்டவர்கள் வியாபாரம் என்று காட்ட நினைத்தால் ஆதாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். விருந்தினர் பதிவேடு, சுத்தம் செய்பவரின் சம்பள வவுச்சர், உணவுக்கான செலவு, சுற்றுலாத் துறைப் பதிவு ஆகியவை அதில் அடங்கும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பதிவு செய்யலாம், உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பதிவுச் சான்று கையில் இருந்தால் "நான் நடத்துவது சேவை" என்று சொல்வது எளிது.

மூன்றாவது தலைப்பும் ஒன்று உண்டு. கட்டடத்தையும் மேசை நாற்காலிகளையும் பிரிக்க முடியாதபடி சேர்த்து ஒருவருக்கு விட்டால் அது "இதர வருமானம்". 1960-களில் சுல்தான் பிரதர்ஸ் வழக்கில், தளவாடங்களோடு குத்தகைக்கு விடப்பட்ட ஹோட்டல் கட்டடம் ஒன்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது அது. உங்கள் வில்லாவை அப்படியே ஒரு ரிசார்ட் நிறுவனத்துக்கு ஒப்படைத்து மாதம் இவ்வளவு என்று வாங்கினால் இந்தத் தலைப்பைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். இங்கேயும் மராமத்து, காப்பீடு, தேய்மானம் கழிக்கலாம்.

இன்னொன்று: வீடு உங்களுடையதே இல்லை, வேறொருவரின் ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்து அதை நாள் கணக்கில் விடுகிறீர்கள் என்றால் வீட்டுச் சொத்து வருமானம் என்ற பேச்சே இல்லை. அது உரிமையாளருக்கு மட்டும் உரிய தலைப்பு. நீங்கள் கொடுக்கும் வாடகை முழுவதும் உங்கள் செலவு. அந்த வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

வங்கிக்கு வந்த பணம் வருமானம் அல்ல

செலவுக்குப் போகும் முன் வரவைச் சரியாக எழுத வேண்டும். அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

குன்னூர்க்காரரின் தளம் 15 சதவீதம் கமிஷன் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6,00,000-க்கு 90,000. அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 16,200. கூடவே, 194ஓ பிரிவின்படி 0.1 சதவீதம் டிடிஎஸ், அதாவது 600 ரூபாய். இவையெல்லாம் போக வங்கிக்கு வருவது 4,93,200. பாஸ்புக்கைப் பார்த்து 4,93,200 வருமானம் என்று போட்டுவிட்டு, பிறகு கமிஷனையும் செலவில் எழுதினால் ஒரே தொகையை இரண்டு முறை கழித்ததாகிவிடும். செலவில் எழுதாமல் விட்டாலும் தப்புதான். ஏனென்றால் தளம் வருமான வரித் துறைக்குத் தெரிவிப்பது மொத்தத் தொகையை. துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் 26ஏஎஸ் படிவத்திலும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல்) அறிக்கையிலும் 6,00,000 என்று இருக்கும், உங்கள் ரிட்டர்னில் 4,93,200 என்று இருக்கும். நோட்டீஸ் வர இது போதும்.

வரவு 6,00,000. செலவு 1,06,200, அதாவது கமிஷனும் அதன் ஜிஎஸ்டியும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்த 16,200-ஐத் திரும்பப் பெற முடியாது, ஆகவே அது முழுசாகச் செலவோடு சேரும். அந்த 600 ரூபாய் டிடிஎஸ் செலவே அல்ல. அது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டிய வரி. ரிட்டர்னில் கட்டிய வரியாகக் காட்டிக் கேட்க வேண்டியது. ஓர் ஆண்டில் ஒரு தளத்தின் வழியாக வரும் மொத்தத் தொகை 5 லட்சத்தைத் தாண்டாமல், பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால், தனிநபருக்கு இந்த டிடிஎஸ் பிடிப்பதில்லை. எண்ணைக் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும்.

விருந்தினர் கட்டும் ஜிஎஸ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் பதிவு செய்யவில்லை என்றால், தளத்தின் வழி வரும் முன்பதிவுக்குத் தளமே விருந்தினரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. அது உங்கள் வரவும் அல்ல, செலவும் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் உள்ளீட்டு வரி வரவு (வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது. ஆகவே பதிவு செய்தவராக இருந்தாலும், இந்த விலைக்குள் அறை விடுபவர் மெத்தைக்கும் சலவைக்கும் கட்டிய ஜிஎஸ்டியைச் செலவோடு சேர்த்தே எழுதலாம்.

செலவுக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு 44ஏடி

சிறிய அளவில் நடத்துபவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் உகந்த வழி. வியாபார வருமானம் என்று ஆன பிறகு, மொத்த வரவு 2 கோடிக்குள் இருந்தால், லாபத்தை ஊகமாகக் காட்ட 44ஏடி அனுமதிக்கிறது. வங்கி, யுபிஐ வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம். நம் எடுத்துக்காட்டில் எல்லாம் வங்கி வழியே வந்ததால் 6,00,000-க்கு 36,000 ரூபாய். ஐடிஆர்-4 படிவம் போதும்; கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம்.

இது குறைந்தபட்ச அளவு. உண்மையான லாபம் இதைவிட அதிகம் என்றால் அதிகமாகக் காட்டவும் அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. 6 சதவீதம் எழுதிவிட்டு, அதே ஆண்டில் ஹோம்ஸ்டே பணத்தில் 5 லட்சத்துக்கு நகை வாங்கினால் கேள்வி வரும். பதில் தயாராக இருக்க வேண்டும்.

44ஏடியில் போனால் எல்லாச் செலவும் கழிக்கப்பட்டதாகவே பொருள். 36,000-லிருந்து மறுபடி கரண்ட் பில்லையோ கடன் வட்டியையோ கழிக்க முடியாது. தேய்மானமும் கழித்ததாகவே கருதப்பட்டு, கட்டிலின் ஏட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும்.

யாருக்கு இது கிடையாது? வெளிநாட்டுவாழ் இந்தியருக்குக் கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊட்டி வீட்டை ஆள் வைத்து நடத்துபவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் போன்ற தொழிலில் இருப்பவருக்கும், சட்டத்தின் சொற்படி பார்த்தால், பக்கத்தில் நடத்தும் ஹோம்ஸ்டேக்கு இது கிடைக்காது. ஓராண்டு 44ஏடியில் நுழைந்துவிட்டு அடுத்த ஐந்து ஆண்டுக்குள் "இந்த வருஷம் நஷ்டம், உண்மைக் கணக்கு காட்டுகிறேன்" என்று வெளியே வந்தால், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு உள்ளே வர முடியாது. மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். முதல் ஆண்டிலேயே மராமத்துக்கு நிறையக் கொட்டியவர்கள் அவசரப்பட்டு 44ஏடி எடுக்காமல் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உண்மைக் கணக்கு: முழுசாகக் கழிவதும் பங்கு போடுவதும்

44ஏடி இல்லை என்றால் ஒவ்வொரு செலவையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: விருந்தினருக்காக மட்டும் செய்தது, வீட்டுக்கும் விருந்தினருக்கும் பொதுவானது, பல ஆண்டுக்கு உழைக்கும் பொருள்.

முதல் குவியல் சுலபம். நம் வீட்டில் கமிஷன் 1,06,200; சலவை 36,000; காலை உணவுக்கான மளிகை, காய்கறி 42,000; சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதம் 6,000 வீதம் 72,000; சோப்பு, ஷாம்பு, டிஷ்யூ 9,000; கிழிந்த விரிப்பு, துண்டுகளுக்குப் பதில் புதியவை 14,000. ஆக 2,79,200. சுற்றுலாப் பதிவுக் கட்டணம், உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம், அறைகளைப் படம் எடுத்தவருக்குக் கொடுத்தது, ஆடிட்டர் ஃபீஸ் இருந்தால் அவையும் இங்கேதான்.

உணவுச் செலவில் ஒரு நுணுக்கம். குடும்பத்துக்கும் விருந்தினருக்கும் ஒரே கடையில் ஒரே பில்லில் மளிகை வாங்கினால் எது யாருக்கு என்று பிறகு சொல்ல முடியாது. கடைக்காரரிடம் இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், ஒரு காலை உணவுக்கு ஆகும் செலவை ஒருமுறை உட்கார்ந்து கணக்கிட்டு, பதிவேட்டில் உள்ள ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 42,000 என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட "700 காலை உணவு, தலைக்கு 60 ரூபாய்" என்று எழுதியிருப்பது விசாரணையில் நிற்கும்.

இரண்டாவது குவியலுக்கு 38-ஆம் பிரிவு வழி சொல்கிறது: தொழிலுக்கு மட்டுமே பயன்படாத கட்டடத்துக்கு நியாயமான விகிதத்தில் செலவைப் பிரித்துக்கொள். பரப்பளவுதான் எளிய அளவுகோல். 2,000-ல் 600 என்றால் 30 சதவீதம். கரண்ட் 36,000, இணையம் 12,000, சொத்து வரி 8,000, வீட்டுக் காப்பீடு 6,000, மழையில் ஒழுகிய கூரையைச் சரிசெய்தது 40,000, வீட்டுக் கடன் வட்டி 1,80,000. கூட்டினால் 2,82,000, அதில் 30 சதவீதம் 84,600.

எல்லாவற்றுக்கும் பரப்பளவே பொருந்தும் என்பதில்லை. மாடியில் இரண்டு கீசரும் விருந்தினர் விடிய விடிய ஓடவிடும் ரூம் ஹீட்டரும் இருந்தால் கரண்டில் உண்மையான பங்கு 30-ஐவிட அதிகமாகவே இருக்கும். மாடிக்கு ஒரு சப்-மீட்டர் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இபி ரீடிங் எடுக்க வரும் அன்றே அதையும் போனில் படம் எடுத்து வைத்தால் வாதமே வேண்டாம். கூரை ஒழுகல் மாடி அறைக்கு மேலே மட்டும் என்றால் 40,000 முழுவதும் விருந்தினர் கணக்குத்தான், 30 சதவீதம் அல்ல. எடுத்துக்காட்டில் பொதுக் கூரை என்று எடுத்திருக்கிறேன்.

சீசன் இல்லாத மாதங்களில் அறை காலியாகக் கிடந்தால் கழிவு குறையுமா? குறையாது, அறை வாடிக்கையாளருக்குத் தயாராக இருந்தால் போதும். ஆனால் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சேர்த்து 40 நாள் சொந்தக்காரர்கள் மாடியில் தங்கினார்கள் என்றால் அந்த 40 நாளைக் கழிக்க வேண்டும்: 30 சதவீதத்தை 365-க்கு 325 என்ற விகிதத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 26.7 சதவீதம் வரும்.

கடன் வட்டியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 30 சதவீதமான 54,000-ஐ வியாபாரத்தில் கழித்துவிட்டு, குடியிருக்கும் வீடு என்று முழு 1,80,000-ஐயும் வீட்டுச் சொத்துத் தலைப்பின் 24-ஆம் பிரிவில் மறுபடி கேட்கும் ரிட்டர்ன்கள் உண்டு. மிச்சம் 1,26,000-ஐ மட்டும்தான் கேட்கலாம், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். அசல் தவணை எந்தத் தலைப்பிலும் செலவு ஆகாது.

கீசரின் காயிலும் கீசரும்

மராமத்துக்கும் புதுச் சொத்துக்கும் உள்ள கோடு எங்கே விழுகிறது என்பதைக் கீசரை வைத்தே புரிந்துகொள்ளலாம். உப்புத் தண்ணீரில் காயில் போய்விட்டது, பிளம்பர் வந்து 900 ரூபாய்க்கு மாற்றினார். அது மராமத்து; அந்த ஆண்டிலேயே முழுசாகக் கழிந்துவிடும். தொட்டியே ஓட்டையாகி, 9,000 ரூபாய்க்குப் புதுக் கீசர் வாங்கினால் அது மராமத்து அல்ல, புதுச் சொத்து. அந்த ஆண்டில் கழிவது 15 சதவீதம், 1,350 ரூபாய் மட்டும். "பழையதுக்குப் பதில்தானே வாங்கினேன்" என்ற வாதம் எடுபடாது. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் தன்னளவில் முழுமையான ஓர் இயந்திரம், அதையே மாற்றுவது நடப்பு மராமத்து ஆகாது, இருக்கிற சொத்தைக் காத்து வைப்பதே மராமத்து. அந்த அளவுகோலால் பார்த்தால் பெயின்ட் அடிப்பது, உடைந்த கூரை ஓடுகளை மாற்றுவது, அடைத்த குழாயைச் சரிசெய்வது எல்லாம் மராமத்து. அறைக்குள் புதிதாக ஒரு குளியலறை கட்டுவதும் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைப்பதும் மூலதனச் செலவு.

தேய்மானம் ஒவ்வொரு ஆண்டும் மிஞ்சிய மதிப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. கட்டில், மெத்தை, அலமாரி போன்ற தளவாடங்களுக்கு 10 சதவீதம். மின்விசிறியும் வயரிங்கும் மின் பொருத்துகள் என்ற வகையில் அதே 10-ல்தான் வரும். ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் 15. கம்ப்யூட்டர் 40. சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் 40 என்பதால், கீசரை மாற்றப் போகிறவர்கள் அதையும் விசாரித்துப் பார்க்கலாம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி விகிதம்தான். அக்டோபர் 3-க்குள் பயன்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். வாங்கிய தேதி முக்கியமல்ல, போட்டு ஓடவிட்ட தேதிதான் முக்கியம். அக்டோபர் கடைசியில் தீபாவளி ஆஃபரில் வாங்கிய ஃபிரிட்ஜுக்கு முதல் ஆண்டு ஏழரை சதவீதம்.

கட்டடத்துக்கு இரண்டு விகிதம். முக்கியமாகக் குடியிருப்புக்குப் பயன்பட்டால் 5, மற்றபடி 10. பரப்பளவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் குடியிருப்பாக இருந்தால் அது குடியிருப்புக் கட்டடம். நம் வீட்டில் 70 சதவீதம் குடும்பத்துக்கு என்பதால் 5. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே பத்திரத் தொகையை அப்படியே எடுக்காமல் நிலத்தின் மதிப்பைப் பிரித்துவிட வேண்டும். கட்டடத்தின் மதிப்பு மட்டும் 30 லட்சம் என்றால் விருந்தினர் பங்கு 9 லட்சம், தேய்மானம் 45,000. தளவாடம் 1,20,000-க்கு 12,000. ஃபிரிட்ஜ், டிவி, கீசர் வகையில் 80,000-க்கு 12,000. ஆக 69,000.

மூன்று குவியலும் சேர்ந்து 4,32,800. வரவு 6,00,000-லிருந்து கழித்தால் லாபம் 1,67,200.

இதே வீடு வாடகைத் தலைப்பில் விழுந்திருந்தால்? சொத்து வரிப் பங்கு 2,400 போக 5,97,600. அதில் 30 சதவீதம் 1,79,280 போனால் 4,18,320. வட்டிப் பங்கு 54,000 போனால் 3,64,320. தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்களும் இப்படித்தான் வந்தன.

புதிய வரி முறையில் கழிவே கிடையாது என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. அது 80சி மாதிரியான முதலீட்டுக் கழிவுகளைப் பற்றியது. வியாபாரச் செலவும் தேய்மானமும் புதிய முறையிலும் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கான 30 சதவீதமும் சொத்து வரியும் வட்டியும் உண்டு. சொத்தில் நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தோடு சரிக்கட்டுவதுதான் புதிய முறையில் இல்லை. 2025-26-ல் எல்லா வருமானமும் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டாத ஒருவருக்குத் தள்ளுபடி போக, வழக்கமான விகித வருமானத்துக்கு வரியே இல்லை. அவர் சப்-மீட்டர் படத்துக்கு அலைய வேண்டிய அவசியமில்லை. சம்பளத்திலேயே 30 சதவீத வரி கட்டுபவருக்குத்தான் மேலே உள்ள வேறுபாடு பெரிய பணம்.

கழியாதவை

உங்கள் உழைப்புக்கு நீங்களே சம்பளம் எழுத முடியாது. மனைவிக்கோ கணவருக்கோ சம்பளம் எழுதினால், அது தொழில்நுட்பத் தகுதிக்கான ஊதியமாக இல்லாதவரை, சுற்றி வந்து உங்கள் வருமானத்தோடேயே சேர்ந்துவிடும். அம்மாவோ வயது வந்த மகளோ உண்மையாகவே வேலை செய்தால், வெளி ஆளுக்குக் கொடுக்கும் அளவுக்குக் கொடுத்துக் கழிக்கலாம். சட்டத்தை மீறியதற்குக் கட்டிய அபராதம் கழியாது. வருமான வரியும் கழியாது. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் செலவல்ல.

ரொக்கம் தனிக் கதை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் போச்சு. பெயின்டருக்குச் சனிக்கிழமை கையில் 18,000 கொடுத்தால், 10,000-க்கு மேற்பட்ட 8,000 அல்ல, 18,000-மே கழியாது. சொத்து வாங்கும்போதும் அப்படித்தான்: 22,000 ரூபாய்க் கட்டிலுக்கு ரொக்கம் கொடுத்தால் அந்தத் தொகை கட்டிலின் விலையிலேயே சேராது, பிறகு தேய்மானம் எதன் மேல்? யுபிஐயில் அனுப்பிவிடுங்கள்.

ஹோம்ஸ்டேக்கு என்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்து, எல்லா வரவும் செலவும் அதன் வழியே போனால் பாதி வேலை குறையும். கடைகளில் தரும் பில் பெரும்பாலும் தெர்மல் தாள். பீரோவில் வைத்தால் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மாதவாரியாகப் போட்டு வையுங்கள். சுத்தம் செய்பவரும் சலவைக்காரரும் பில் தரமாட்டார்கள். தேதி, பெயர், எதற்கு, எவ்வளவு என்று நீங்களே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தளம் மாதாமாதம் தரும் வருவாய் அறிக்கையை ஆண்டு முடியக் காத்திருக்காமல் அவ்வப்போது இறக்கி, ஏஐஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். மார்ச் கடைசியில் தங்கியவருக்கான பணம் ஏப்ரலில் வரும்போது எந்த ஆண்டு என்ற குழப்பம் அங்கேதான் தெரியும்.

கட்டடத்துக்கு எழுதும் தேய்மானத்துக்குப் பின்விளைவு ஒன்று இருக்கிறது. பின்னாளில் வீட்டை விற்கும்போது, தேய்மானம் பெற்ற கட்டடப் பகுதியில் வரும் லாபம், இருபது ஆண்டு வைத்திருந்தாலும், 50-ஆம் பிரிவின்படி குறுகிய கால லாபமாகவே கணக்காகும். நிலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. "அப்படியானால் தேய்மானமே எழுதாமல் விட்டுவிடுகிறேன்" என்று தப்பிக்கவும் முடியாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது கழிந்ததாகவே 32-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எழுதிவிடுவதே லாபம். கூடவே, நில மதிப்பும் கட்டட மதிப்பும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்ற தாளை, முடிந்தால் ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் கையெழுத்தோடு, பத்திரத்தின் கூடவே வைத்துவிடுங்கள்.